முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்கான இலக்கு மருந்துகள்: ஒரு திறனாய்வு

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், உலக அளவில் நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் ஆகும். 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்தனர். தொடக்க நிலையில் அறுவை சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டால் பெரும்பாலான நோயாளிகளுக்கு முழுக் குணம் கிடைப்பதில்லை. அந்த முற்றிய நிலையில் இருப்பவர்களுக்காகவே 2004 முதல் 'இலக்கு மருந்துகள்' என்ற புதிய வகை மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன.

இம்மருந்துகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒரு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது, அதைத் தடுக்கும் மருந்து உருவாக்கப்பட்டது, கட்டி சுருங்கியது என்று முடிந்துவிடும். உண்மை வரலாறு இவ்வளவு நேரானதன்று. இத்துறையில் ஏற்பட்ட பெரிய முன்னேற்றங்கள் பலவும், ஒரு மருந்து எவருக்குப் பயன்படாது என்பதைக் கண்டறிந்தபோதே ஏற்பட்டன. அந்த அறிவு தாமதமாக வந்ததால் நோயாளிகள் கொடுத்த விலையும் சிறியதன்று. மருந்தின் மதிப்பை அதற்குரிய சோதனையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இருபது ஆண்டு வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

எதைத் தடுக்கின்றன?

'மரபணுவைத் தடுக்கும் மருந்து' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டாலும் அது துல்லியமான சொல் அன்று. இங்கே பேசப்படும் மருந்துகளில் எதுவும் மரபணுவைத் தொடுவதில்லை. மரபணு என்பது செல்லுக்குள் இருக்கும் செய்முறைக் குறிப்பு. அதைப் பார்த்துச் செல் உருவாக்குவது புரதம். குறிப்பில் ஓர் எழுத்து மாறினால் புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறலாம். மருந்து சென்று பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான். குறிப்பில் உள்ள பிழை அப்படியே இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பிழையான புரதம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்.

இம்மருந்துகளில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை, எதிர்ப்பொருள் மருந்துகள். இவை பெரிய புரத மூலக்கூறுகள். செல்லுக்குள் நுழைய முடியாது. செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பிகளையோ இரத்தத்தில் உலவும் புரதங்களையோ பற்றிக்கொள்ளும். இவை நரம்பு வழியாக ஏற்றப்படுகின்றன. செடுக்சிமாப், பெவாசிசுமாப் என்று 'மாப்' என முடியும் பெயர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, சிறு மூலக்கூறு மருந்துகள். இவை செல்லுக்குள் நுழையக்கூடியவை. பெரும்பாலும் மாத்திரையாகவோ குளிகையாகவோ விழுங்கத்தக்கவை. என்கோராஃபெனிப், சோடோராசிப் என்று 'இப்' என முடிபவை இவ்வகை.

நோயின் மரபணுப் பின்னணி

பெருங்குடல் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதில்லை. 1990இல் எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு படிநிலை விளக்கம் தந்தனர். குடலின் உட்சுவரில் சிறு திசுமொட்டு ஒன்று தோன்றி, அது பெரிதாகி, பின்னர் புற்றாக மாறும் ஒவ்வொரு படியிலும் ஒரு மரபணு மாற்றம் சேர்கிறது என்பதே அந்த விளக்கம். பெரும்பாலும் ஏபிசி என்ற மரபணு முதலில் பழுதாகிறது. கேராஸ் என்ற மரபணு மாறுகிறது. பின்னர் பி53 பழுதாகிறது.

இந்த மூன்றையும் ஒப்பிட்டால் இலக்கு மருந்துகளின் அடிப்படை எல்லை புரியும். ஏபிசியும் பி53உம் செல்லின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருப்பவை. புற்றுநோயில் அவை செயலிழந்துபோகின்றன. கேராஸ் அப்படியன்று, அது வளர்ச்சியைத் தூண்டும் புரதம், மாற்றமடைந்தால் ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். மிகையாக வேலை செய்யும் ஒன்றை மருந்தால் தடுக்கலாம். செயலிழந்துபோன ஒன்றைத் தடுத்துப் பயனில்லை. அதை மீட்டுத்தர வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் மிகுதியாகப் பழுதாகும் மரபணு ஏபிசி. பெரும்பாலான கட்டிகளில், ஏறத்தாழ பத்தில் எட்டில், இந்தப் பழுது இருக்கிறது. ஆயினும் இன்று பயன்பாட்டில் உள்ள இலக்கு மருந்து எதுவும் அதைச் சரிசெய்வதில்லை. நோயின் வேரில் இருக்கும் பழுதைவிட, மருந்துக்கு எளிதில் அகப்படும் பழுதுகளையே இத்துறை துரத்திவந்திருக்கிறது என்ற விமர்சனத்துக்கு இது முதல் சான்று.

தூண்டும் பக்கத்தில் உள்ள தொடரையும் அறிந்துகொள்ள வேண்டும். செல்லின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதம் வந்து அதைத் தொட்டதும், செய்தி உள்ளே இருக்கும் ராஸ் புரதங்களுக்குப் போகிறது. அங்கிருந்து பிராஃப், மெக், எர்க் என்று அடுத்தடுத்துக் கைமாறி, 'பிரிந்து பெருகு' என்ற கட்டளையாக உட்கருவை அடைகிறது. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ஸ்டான்லி கோஹனுக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் 1986இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கீழே வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தத் தொடரை எங்கே வெட்டுவது என்பதைப் பற்றியவையே.

2004: முதல் இரண்டு மருந்துகள்

2004 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெருங்குடல் புற்றுநோய்க்கு இரண்டு இலக்கு மருந்துகளை அனுமதித்தது.

ஒன்று பெவாசிசுமாப். கட்டிக்கு உணவு கொண்டுசெல்லப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். அவை உருவாவதைத் தடுத்தால் கட்டி வாடும் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த மருந்து இது. குழாய்களை வளரத் தூண்டும் விஈஜிஎஃப் என்ற புரதத்தை இது பிடித்துக்கொள்கிறது. அக்காலக் கீமோதெரபியுடன் இதைச் சேர்த்தபோது, நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது. இடைநிலை என்பது, ஆய்வில் இருந்தவர்களில் பாதிப் பேர் கடந்த காலம். மற்றப் பாதிப் பேர் அதற்குள் இறந்துவிட்டனர் என்பதும் அதன் பொருள்.

மற்றொன்று செடுக்சிமாப். இது ஈஜிஎஃப்ஆர் ஏற்பியின் மீது அமர்ந்து, வளர்ச்சிக் காரணி அதைத் தொடவிடாமல் செய்கிறது. வேறு மருந்துகள் பலன் தராமல் போனவர்களிடம், இரினோடெக்கான் என்ற மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 23 பேருக்குக் கட்டி சுருங்கியது.

இரண்டும் நல்ல மருந்துகள் என்றால் சேர்த்தே கொடுத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. நெதர்லாந்தில் 755 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009இல் அதற்கு விடை தந்தது. கீமோதெரபியுடன் பெவாசிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலம் 10.7 மாதங்கள். அதனுடன் செடுக்சிமாபையும் பெற்றவர்களுக்கு 9.4 மாதங்கள். சேர்த்ததால் நிலைமை மோசமானது. தாளில் வரைந்த படத்தில் சரியாகத் தோன்றுவது உடலில் சரியாக இருக்க வேண்டியதில்லை.

மற்றொரு நம்பிக்கையும் பொய்த்தது. முற்றிய நோயில் உதவும் மருந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் மீந்திருக்கும் சில செல்களை எளிதாக அழித்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பெவாசிசுமாபும் செடுக்சிமாபும் அந்தத் தொடக்க நிலை நோயில் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டன; இரண்டும் பயன் தரவில்லை. முற்றிய நிலையில் நோயைத் தள்ளிப்போடும் ஆற்றல், தொடக்க நிலையில் குணப்படுத்தும் ஆற்றலாகிவிடாது.

சராசரி மறைத்த உண்மை

செடுக்சிமாபின் கதையில்தான் இத்துறையின் மிகப்பெரிய பாடம் இருக்கிறது.

அனுமதி வழங்கப்பட்டபோது, கட்டியில் ஈஜிஎஃப்ஆர் புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்த்து, இருந்தால் மட்டுமே இம்மருந்தைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பூட்டு இருந்தால்தான் சாவிக்கு வேலை என்ற எளிய நியாயம் அது. ஆனால் அந்தச் சோதனை எதையும் முன்னறிவிக்கவில்லை. ஏற்பி மிகுதியாக இருந்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஏற்பி தென்படாதவர்களில் சிலருக்குக் கட்டி சுருங்கியது. தவறான சோதனை ஒன்றை நம்பி நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 572 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. மருந்து பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.1 மாதங்கள், ஆதரவு சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 4.6 மாதங்கள். வேறுபாடு ஒன்றரை மாதம். இதை மட்டும் படித்தவர், எல்லோருக்கும் கொஞ்சம் பயன் தரும் மருந்து என்றே எண்ணியிருப்பார்.

அதே ஆய்வில் சேமித்து வைக்கப்பட்டிருந்த கட்டித் துண்டுகளை எடுத்துக் கேராஸ் மரபணுவைச் சோதித்து, 2008இல் வெளியிட்ட முடிவு இந்தச் சராசரியை உடைத்தது. கேராஸ் மாறாமல் இருந்தவர்களில், மருந்து பெற்றவர்கள் 9.5 மாதங்களும் பெறாதவர்கள் 4.8 மாதங்களும் வாழ்ந்தனர். கேராஸ் மாறியிருந்தவர்களில், பெற்றவர்கள் 4.5 மாதங்கள், பெறாதவர்கள் 4.6 மாதங்கள். ஒரு பகுதியினருக்கு வாழ்நாள் இரட்டிப்பானது. மறு பகுதியினருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நால்வர் அந்த மறு பகுதியினர்.

காரணம் தொடரைப் பார்த்தாலே விளங்கும். ஈஜிஎஃப்ஆர் மேலே, ராஸ் அதற்குக் கீழே. கீழே இருக்கும் ராஸ் தானாகவே எந்நேரமும் முடுக்கப்பட்ட நிலையில் இருந்தால், மேலே வாயிலை அடைத்து என்ன பயன்? மேல்மடையை மூடிய பிறகும் கால்வாயின் நடுவில் ஊற்று பொங்கிக்கொண்டிருந்தால் வயலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

இந்த விளக்கம் பின்னோக்கிப் பார்க்கும்போது மிக எளிதாகத் தெரிகிறது. ராஸ் மாற்றங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே அறியப்பட்டவை. பெருங்குடல் புற்றுநோயில் கேராஸின் இடம் 1990க்குள் தெளிவாகிவிட்டது. ஆயினும் மருந்து அனுமதி பெற்ற 2004இல் இந்தச் சோதனை கேட்கப்படவில்லை. அமெரிக்காவில் மருந்துக் குறிப்பேடு மாற்றப்பட்டது 2009 ஜூலையில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பயன்பெற வாய்ப்பே இல்லாத நோயாளிகள் பலர், முகமெங்கும் பரவும் கொப்புளங்களையும் இரத்தத்தில் மக்னீசியம் குறைவதையும் பெருஞ்செலவையும் தாங்கிக்கொண்டு இம்மருந்தைப் பெற்றனர். எஞ்சியிருந்த சில மாதங்களில் ஒரு பகுதியை அவர்கள் மருந்தேற்றும் அறைகளில் கழித்தனர்.

2013இல் மற்றொரு அடுக்கு விலகியது. செடுக்சிமாபைப் போன்றே செயல்படும் பானிடுமுமாப் என்ற மருந்தின் ஆய்வில், கேராஸின் வழக்கமான இடம் தவிர வேறு இடங்களிலும் என்ராஸ் என்ற உறவு மரபணுவிலும் மாற்றங்கள் தேடப்பட்டன. எந்த ராஸ் மாற்றமும் இல்லாதவர்களுக்கு, கீமோதெரபியுடன் இம்மருந்தைச் சேர்த்தபோது வாழ்நாள் 20.2 மாதங்களிலிருந்து 26.0 மாதங்களாக உயர்ந்தது. மாற்றம் இருந்தவர்களுக்கு மருந்தைச் சேர்த்ததால் வாழ்நாள் குறைந்தது. அதுவரை 'பயனில்லை' என்று கருதப்பட்டது, 'தீங்கு' என்று திருத்தப்பட்டது.

பின்னர் வந்த கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. கீமோதெரபியுடன் பெவாசிசுமாப் நல்லதா, செடுக்சிமாப் நல்லதா என்று ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வில், கேராஸ் மாறாதவர்களிடையே இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றே முடிவு வந்தது. வாழ்நாள் 29, 30 மாதங்கள். கட்டி பெருங்குடலின் எந்தப் பக்கத்தில் தோன்றியது என்று பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. இடப்பக்கக் கட்டிகளில் செடுக்சிமாப் பெற்றவர்கள் 36 மாதங்கள் வாழ்ந்தனர்; வலப்பக்கக் கட்டிகளில் 16.7 மாதங்கள். பெவாசிசுமாபில் இந்த எண்கள் முறையே 31.4, 24.2. மரபணுச் சோதனைச் சீட்டு ஒன்றாகவே இருந்தாலும், கட்டி பிறந்த இடம் மருந்தின் பயனை மாற்றுகிறது.

ஒரே மாற்றம், வேறு உறுப்பு

பிராஃப் மரபணுவில் நிகழும் வி600ஈ என்ற மாற்றம் இதே பாடத்தை வேறு வழியில் கற்பித்தது. பிராஃப் புரதத்தின் 600ஆவது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் வந்து அமர்வதே இந்தப் பெயரின் பொருள். புற்றுநோய்களில் இம்மாற்றம் இருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இது மிகுதி. அதற்காக உருவான வெமுராஃபெனிப் 2011இல் அனுமதி பெற்றது. ஏறத்தாழப் பாதி நோயாளிகளுக்குக் கட்டி சுருங்கியது.

முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 8 முதல் 10 பேருக்கு இதே மாற்றம் இருக்கிறது. மற்றவர்களைவிட இவர்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது. எனவே வெமுராஃபெனிப் இவர்களுக்கும் உதவும் என்று எதிர்பார்த்தது இயல்பே. 21 பேரிடம் சோதித்ததில் ஒரே ஒருவருக்குக் கட்டி சுருங்கியது.

அதே எழுத்துப் பிழை, அதே மருந்து. விளைவு மட்டும் வேறு. ஏன்? 2012இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ரெனே பெர்னார்ட்ஸ் குழுவினரும் அமெரிக்காவில் மற்றொரு குழுவினரும் தனித்தனியே விடை கண்டனர். தொடரின் கடைசியில் உள்ள எர்க், மேலே இருக்கும் ஈஜிஎஃப்ஆரை அடக்கிவைக்கும் வேலையையும் செய்கிறது. பிராஃபை மருந்தால் தடுத்ததும் எர்க் ஓய்கிறது. உடனே ஈஜிஎஃப்ஆர் அடக்குவாரின்றி விழித்து, வேறு வழிகளில் செய்தியை அனுப்பத் தொடங்குகிறது. தோலின் நிறமிச் செல்களில் ஈஜிஎஃப்ஆர் மிகக் குறைவு. ஆகவே அங்கே மருந்து வென்றது. குடற்சுவரின் செல்களில் அது நிறைய. ஆகவே இங்கே தோற்றது.

விளக்கத்துடன் தீர்வும் கிடைத்தது. பிராஃபையும் ஈஜிஎஃப்ஆரையும் ஒரே நேரத்தில் தடுக்க வேண்டும். 665 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், என்கோராஃபெனிபும் செடுக்சிமாபும் சேர்ந்து பெற்றவர்களின் வாழ்நாள் 8.4 மாதங்கள், ஒப்பீட்டுப் பிரிவினருக்கு 5.4 மாதங்கள். மூன்றாவதாக மெக் தடுப்பு மருந்து ஒன்றையும் சேர்த்தபோது முதலில் 9 மாதங்கள் என்று வந்தது. கூடுதல் காலம் பின்தொடர்ந்த பின் இரு பிரிவுகளும் 9.3 மாதங்களில் சமமாகிவிட்டன. மூன்றாவது மருந்து பக்கவிளைவைக் கூட்டியதே தவிர வாழ்நாளைக் கூட்டவில்லை. இரண்டு மருந்துச் சேர்க்கை மட்டும் 2020 ஏப்ரலில் அனுமதி பெற்றது.

இந்த ஆய்வின் ஒப்பீட்டுப் பிரிவு விமர்சனத்துக்கு உரியது. அப்பிரிவினருக்குச் செடுக்சிமாபும் இரினோடெக்கான் சார்ந்த சிகிச்சையும் தரப்பட்டன. பிராஃப் மாறியவர்களுக்கு இந்தச் சிகிச்சை பெரிதாக உதவாது என்பது முன்பே பலரும் ஐயுற்றதுதான். அப்பிரிவில் நூற்றுக்கு இருவருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. எதிரணி வலுவற்றதாக இருந்தால் வெற்றியின் அளவு பெரிதாகத் தெரியும். ஆனால் அன்றைய நடைமுறையில் அதைவிடத் தெளிவான மாற்றுச் சிகிச்சை நிலைபெற்றிருக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஐயத்தைப் பெருமளவு போக்கியது 2025இல் வெளியான அடுத்த ஆய்வு. முந்தைய சிகிச்சை எதுவும் பெறாதவர்களுக்கு, வழக்கமான கீமோதெரபியுடன் இந்த இரண்டு மருந்துகளும் முதலிலேயே தரப்பட்டன. இடைக்கால முடிவில் வாழ்நாள் 30.3 மாதங்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 15.1 மாதங்கள். இந்நோயின் மிக மோசமான வகைகளில் ஒன்றாகக் கருதப்பட்டதில் வாழ்நாள் இரட்டிப்பானது. காரணத்தைச் செல் அளவில் விளங்கிக்கொண்டு, அதன்படி மருந்துகளைச் சேர்த்து, உரிய நோயாளிகளை மட்டும் தேர்ந்து, உரிய நேரத்தில் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இத்துறையில் இதுவே சிறந்த எடுத்துக்காட்டு. விளக்கம் கிடைத்த ஆண்டு 2012 என்பதையும் உடன் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேராஸுக்கே மருந்து

கேராஸ் புரதம் நீண்ட காலம் 'மருந்துக்கு அகப்படாதது' என்று கைவிடப்பட்டிருந்தது. அதன் மேற்பரப்பில் மருந்து பொருந்திக்கொள்ள வசதியான பள்ளம் எதுவும் தென்படவில்லை. கலிபோர்னியாவில் கெவன் ஷோகட் குழுவினர் 2013இல் ஒரு வழி கண்டனர். 12ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் சிஸ்டீன் வரும் ஜி12சி என்ற மாற்றத்தில், சிஸ்டீனில் உள்ள கந்தக அணு ஒரு கொக்கியைப் போல வெளியே நிற்கிறது. அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும் மூலக்கூறு, அருகில் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் அமர்ந்து, புரதத்தை ஓய்வு நிலையிலேயே பூட்டிவிடுகிறது. இதிலிருந்து பிறந்த சோடோராசிப், நுரையீரல் புற்றுநோய்க்கு 2021 மே மாதம் அனுமதி பெற்றது.

அறிவியல் சாதனை என்ற அளவில் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பெருங்குடலில் நடந்ததோ பழைய கதையே. நுரையீரல் புற்றுநோயில் நூற்றுக்கு 37 பேருக்குக் கட்டியைச் சுருக்கிய சோடோராசிப், பெருங்குடல் புற்றுநோயில் 62 பேரில் 6 பேருக்கு மட்டுமே சுருக்கியது. காரணமும் பழையதே: ஈஜிஎஃப்ஆர் மீண்டும் விழித்துக்கொண்டது. மற்றொரு மருந்தான அடாக்ராசிபைத் தனியாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 19 பேருக்கும், செடுக்சிமாபுடன் சேர்த்தபோது 46 பேருக்கும் கட்டி சுருங்கியது. பின்னது 28 பேரை மட்டும் கொண்ட சிறு கணக்கு. அடாக்ராசிப்–செடுக்சிமாப் சேர்க்கை 2024 ஜூனிலும், சோடோராசிப்–பானிடுமுமாப் சேர்க்கை 2025 ஜனவரியிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இந்த வெற்றியின் பரப்பையும் அளந்து பார்க்க வேண்டும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஜி12சி மாற்றம் உள்ளவர்கள் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர். இந்நோயில் அதைவிட மிகுதியாகக் காணப்படும் ஜி12டி, ஜி12வி மாற்றங்களில் அந்தக் கந்தகக் கொக்கி கிடையாது. எனவே 'கேராஸுக்கு மருந்து வந்துவிட்டது' என்ற தலைப்பைப் படிக்கும் கேராஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மருந்து உரியதன்று. தலைப்பு எழுதுவோர் இந்த ஒரு வரியையாவது சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

கட்டி கற்றுக்கொள்கிறதா?

முற்றிய நோயில் இலக்கு மருந்துகள் ஏன் பெரும்பாலும் மாதக்கணக்கில் மட்டும் உதவுகின்றன? 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. கேராஸ் மாறாத 24 நோயாளிகளுக்குப் பானிடுமுமாப் கொடுத்து, அவர்களின் இரத்தத்தில் உலவும் கட்டி டிஎன்ஏவை அவ்வப்போது சோதித்தனர். 9 பேரின் இரத்தத்தில் கேராஸ் மாற்றம் தோன்றியது. பெரும்பாலும் ஐந்தாறு மாதங்களில். கணித மாதிரிகளின்படி, மாறிய செல்கள் சிகிச்சைக்கு முன்பே மிகச் சிறு எண்ணிக்கையில் இருந்திருக்க வேண்டும். கட்டி புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மருந்து மற்றவற்றை அழித்து, எஞ்சியவற்றுக்கு இடம் ஒதுக்கித் தந்தது. பள்ளிப் பாடத்தில் வரும் இயற்கைத் தேர்வு, இங்கே ஒரு மனிதரின் உடலுக்குள் சில மாதங்களில் நடந்து முடிகிறது.

எதை அளக்கிறார்கள்?

ஒரு மருந்து 'வெற்றி' என்று அறிவிக்கப்படும்போது மூன்று வேறு அளவுகள் கையாளப்படுகின்றன. கட்டி சுருங்கியவர்களின் விழுக்காடு, நோய் வளராமல் இருந்த காலம், உயிர் வாழ்ந்த காலம். முதலிரண்டும் விரைவில் கிடைப்பவை. ஆகவே விரைவு அனுமதிக்கு அடிப்படையாகின்றன. மூன்றாவதுதான் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தேவையானது.

சோடோராசிப்–பானிடுமுமாப் சேர்க்கையின் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 160 நோயாளிகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். நோய் வளராமல் இருந்த காலம் ஒப்பீட்டுப் பிரிவில் 2.2 மாதங்கள், உயர் அளவு மருந்து பெற்ற பிரிவில் 5.6 மாதங்கள். மேம்பாடு உண்மையானதே. உயிர் வாழ்ந்த காலத்தில் புள்ளியியல் முறையில் உறுதியான வேறுபாடு காட்டப்படவில்லை. பிரிவுக்கு ஐம்பது சொச்சம் பேரை வைத்து அதை உறுதிசெய்வது கடினம்தான். மருந்து பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. 'உயிரை நீட்டிக்கும் மருந்து' என்று எழுதவும் கூடாது.

விலை

2004இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் டெபோரா ஷ்ராக் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய கீமோதெரபிக்கு முதல் எட்டு வாரங்களில் ஆகும் மருந்துச் செலவு 63 டாலர். செடுக்சிமாப் சேர்ந்த சிகிச்சைக்கு அது 30,000 டாலருக்கு மேல். வாழ்நாள் உயர்ந்ததைவிடப் பன்மடங்கு வேகத்தில் விலை உயர்ந்தது.

2012இல் அஃப்ளிபெர்செப்ட் என்ற மருந்து வந்தது. பெவாசிசுமாபின் வழியிலேயே செயல்படும் இது, வாழ்நாளை ஏறத்தாழ ஒன்றரை மாதம் கூட்டியது. மாத விலை ஏறத்தாழ 11,000 டாலர், பெவாசிசுமாபைப் போல இரு மடங்கு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் மூவர், இதை வாங்கப்போவதில்லை என்று நாளிதழில் வெளிப்படையாக எழுதினர். சில வாரங்களில் நிறுவனம் பாதி விலைக்குத் தர முன்வந்தது. ஆராய்ச்சிச் செலவால்தான் இந்த விலை என்று அதுவரை சொல்லப்பட்டதை, ஒரே ஒரு கட்டுரைக்குப் பின் பாதியாகக் குறைந்த விலையே மறுத்தது.

விலைக் கேள்வியும் சோதனைக் கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கேராஸ் சோதனை செய்யாமல் செடுக்சிமாப் கொடுத்தால், பத்துக்கு நான்கு பேருக்குச் செய்யும் செலவு முழுவதும் வீண். சோதனையின் செலவோ மருந்துச் செலவில் சிறு பகுதி. மருந்துக்குக் காப்பீடு தரும் திட்டம் சோதனைக்குத் தராமல் இருந்தால், அது சிக்கனமாகாது.

மதிப்பீடு

இருபது ஆண்டுகளில் இலக்கு மருந்துகள் சாதித்தவை உண்மையானவை. ராஸ் மாறாத இடப்பக்கக் கட்டி உள்ளவர்களும் பிராஃப் வி600ஈ மாற்றம் உள்ளவர்களும் இன்று 2004க்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத காலம் வாழ்கிறார்கள். அதே வேளையில், மிகுதியாகக் காணப்படும் ஏபிசி பழுதுக்கு இன்னும் மருந்தில்லை. பெரும்பாலான கேராஸ் மாற்றங்களுக்கு அனுமதி பெற்ற மருந்தில்லை. முற்றிய நோயில் இம்மருந்துகளால் முழுக் குணம் பெறுவோர் மிக அரிது.

குறை சொல்ல வேண்டியது மருந்துகளையன்று, அவை சோதிக்கப்பட்ட வரிசையை. 2004இல் மருந்து முதலில் வந்தது, சரியான சோதனை பின்னர் வந்தது. பிராஃபிலும் கேராஸிலும், வேறு உறுப்பில் வென்ற மருந்து இங்கும் வெல்லும் என்ற ஊகம் இருமுறை பொய்த்தது. ஆய்வுகளில் கட்டித் துண்டுகளைச் சேமித்து வைத்திருந்ததால்தான் 2008இன் கண்டுபிடிப்பே சாத்தியமாயிற்று. சேமிக்காமல் இருந்திருந்தால் ஒன்றரை மாதச் சராசரியே இன்றும் பாடநூலில் நின்றிருக்கும்.

புதிய மருந்துச் செய்தியைப் படிக்கும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். நோயாளிகளில் எத்தனை விழுக்காட்டினருக்கு இது உரியது? எந்தச் சிகிச்சையுடன் ஒப்பிடப்பட்டது? அளக்கப்பட்டது கட்டியின் அளவா, நோய் வளராத காலமா, வாழ்நாளா? எவருக்கு இது பயன்படவில்லை? கடைசிக் கேள்விக்கு விடை தராத செய்தி, எண்கள் எத்தனை தந்தாலும், பாதிச் செய்திதான்.

நோயாளியின் குடும்பத்துக்கு இவற்றில் உடனே பயன்படுவது ஒன்றே. முற்றிய பெருங்குடல் புற்றுநோய் என்று உறுதியானால், சிகிச்சை தொடங்கும் முன்பே ராஸ், பிராஃப், ஹெர்2 சோதனைகளும், நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குத் தகுதியைக் காட்டும் டிஎன்ஏ பழுதுநீக்கச் சோதனையும் செய்யப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேட்பது. 2004இல் இருந்த நோயாளிகளுக்குக் கேட்க இந்தக் கேள்வி இருக்கவில்லை.